இரும்புச்சத்து: 15, 18, 29 ஆகியவற்றில் எதைக் கணக்கில் கொள்வது?

வைகைக்கரை:
அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் கொண்டுவந்த சத்து மாத்திரைப் புட்டியில், ஒரு மாத்திரையில் 18 மி.கி. இரும்புச்சத்து உள்ளதாகவும், அது ஒரு நாள் தேவையில் 100 சதவீதம் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அட்டவணையோ, வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி. என்கிறது. அதற்குப் பக்கத்திலேயே சராசரித் தேவை 15 மி.கி. என்றும் போட்டிருக்கிறார்கள். நான் எதைப் பின்பற்றுவது?

உணவியல் மாணவன்:
15 என்பது, ஆரோக்கியமான பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் போதுமான அளவு. 29 என்பது நூற்றில் 97 பேருக்காவது போதுமாக இருக்கும்படி உயர்த்தி வைத்த அளவு. எனவே 22 மி.கி. சாப்பிடும் ஒருவருக்குக் குறைபாடு இருக்கிறது என்று அந்த 29ஐ மட்டும் காட்டிச் சொல்லிவிட முடியாது. பலர் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொண்டு பயப்படுகிறார்கள். கலோரிக்கு மட்டும் இப்படிக் கூட்டி வைப்பதில்லை, ஏனென்றால் மிஞ்சுவது உடம்பில் கொழுப்பாகச் சேர்ந்துவிடும்.

கேழ்வரகு:
நாட்டுக்கு நாடு எண் மாறுவதற்குக் காரணம் உடம்பு அல்ல, தட்டில் இருப்பதுதான். இறைச்சி கலந்த உணவிலிருந்து 18 சதவீத இரும்பு உடம்பில் சேரும் என்று அமெரிக்கக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. சோறு, பருப்பு, கீரை என்று சாப்பிடும் நமக்கு, தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அதில் பாதிகூடச் சேராது என்று கொண்டே நம் அட்டவணையைப் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று, புட்டியில் உள்ள 100 சதவீதம் ஆண், பெண் இருவருக்கும் பொதுவாகப் போட்ட எண். உங்கள் அண்ணனுக்கு அந்நாட்டுப் பரிந்துரையே 8 மி.கி.தான்!

வைகைக்கரை:
நன்றி. அப்படியானால், உணவில் குறைவதை இந்த மாத்திரையால் ஈடுகட்டிக்கொள்ளலாமா?

உணவியல் மாணவன்:
ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் புரதம்) இரண்டையும் இரத்தத்தில் பரிசோதித்து மருத்துவரிடம் காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள், அம்மா. வயதுவந்தோருக்கு நாளொன்றுக்கு 45 மி.கி. உச்ச வரம்பு என்பதையும், அதில் உணவும் மாத்திரையும் சேர்த்தி என்பதையும் மறக்க வேண்டாம். அதுவரை, சாப்பிட்டு முடித்ததும் டீ குடிக்கும் வழக்கம் இருந்தால் அதை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போட்டு, கீரைச் சோற்றோடு ஒரு துண்டு நெல்லிக்காயோ, பரிமாறும்போது பிழிந்த எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொள்ளுங்கள். அதே கீரையிலிருந்து கிடைக்கும் இரும்பு கூடும்.