சர்வரை நிறுத்தினால் கேமும் சாக வேண்டுமா?

பழைய_கன்சோல்:
காசு கொடுத்து வாங்கிய கேமை, விற்ற நிறுவனமே பின்னால் ஒருநாள் ஓடாமல் செய்துவிடலாம் என்பதை நாம் எப்படி ஏற்றுக்கொண்டோம்? யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்தின் 'தி க்ரூ' 2014 டிசம்பரில் வந்தது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கிய கார் கேம். கதைப் பகுதியைத் தனியாகவே ஓட்டி முடிக்கலாம். ஆனாலும் சர்வர், அதாவது நிறுவனம் நடத்தும் மையக் கணினி, அதோடு இணைப்பு இல்லாமல் உள்ளேயே நுழைய முடியாதபடி கட்டினார்கள். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தி, 2024 மார்ச் 31-ல் சர்வரையும் அணைத்தார்கள். கன்சோல் டிஸ்க் வைத்திருப்பவர் கையில் இன்று இருப்பது வெறும் பிளாஸ்டிக். சர்வரை நிறுத்தியதில் எனக்குக் கோபம் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு மேல் ஓடியது, சரி. போகும்போது சர்வர் இல்லாமலே ஓடும் ஒரு ஆஃப்லைன் மோடு கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

நிரலன்:
நான் ஒரு கேம் ஸ்டுடியோவில் சர்வர் பக்கம் வேலை பார்க்கிறவன். இந்த மாதிரி கேமில் நீங்கள் சேர்த்த காசு, கார், லெவல் எல்லாம் சர்வரில் இருக்கும் டேட்டாபேஸில்தான் கிடக்கும். எது செல்லும், எது செல்லாது என்று முடிவு செய்வதும் பெரும்பாலும் சர்வர்தான். அதைப் பிரித்து உங்கள் மெஷினுக்குள் கொண்டுவருவது ஒரு குழுவுக்குப் பல மாத வேலை. அதுவும் எப்போது? வருமானம் வற்றி, ஆட்கள் வேறு கேமுக்குப் போன பிறகு. அப்புறம் லைசென்ஸ். கார் கம்பெனியும் பாட்டுக்காரர்களும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் அனுமதி தருவார்கள். சர்வர் அமைப்பையும் லைசென்ஸையும்தான் யூபிசாஃப்டும் காரணமாகச் சொன்னது.

பழைய_கன்சோல்:
லைசென்ஸ் முடிந்தால் புதிதாக விற்க முடியாது. ஏற்கெனவே வாங்கியவர் ஓட்டுவதை அது ஏன் தடுக்க வேண்டும்? 'ஃபோர்ஸா ஹொரைசன் 4' என்ற இன்னொரு கார் கேமின் விற்பனையை 2024 டிசம்பரில் நிறுத்தினார்கள். அதிலும் நிஜக் கார்கள், நிஜப் பாட்டுகள். ஆனால் வாங்கி வைத்தவர்களுக்கு அது அதன் பிறகும் ஓடியது.

வேலை கஷ்டம் என்பதற்கும் பதில் இருக்கிறது. மூல நிரல் கையில் இல்லாமலேயே ரசிகர்கள் சிலர் 2025-ல் 'தி க்ரூ அன்லிமிடெட்' என்ற சர்வர் எமுலேட்டரை, அதாவது நிறுவனத்தின் சர்வர் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளைக் கட்டி, பிசியில் அந்தக் கேமை மறுபடி ஓட வைத்துவிட்டார்கள். வெளியாட்களால் முடிந்தது, கட்டியவர்களால் முடியாதா?

நிரலன்:
ஃபோர்ஸா விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், லைசென்ஸ் வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ரசிகர்கள் செய்ததையும் நிறுவனம் செய்வதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எமுலேட்டரில் பிழை இருந்தால் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். நிறுவனம் வெளியிட்டால் சோதனை, கன்சோல்காரர்களின் ஒப்புதல் எல்லாம் தாண்ட வேண்டும். ஆடுபவர்களே நடத்தும் தனியார் சர்வரில் ஒருவர் சட்டவிரோதமாக ஏதாவது போட்டால் பொறுப்பு யாருக்கு? ஐரோப்பிய கேம் நிறுவனங்களின் அமைப்பும் 2025-ல் இதே கவலையைத்தான் சொன்னது. மூடிய பிறகும் கேம் ஓட வேண்டும் என்று சட்டம் போட்டால் யூபிசாஃப்ட் சமாளித்துக்கொள்ளும். பத்துப் பேர் உள்ள ஸ்டுடியோ ஆன்லைன் கேமே செய்யாது.

வேகவிரும்பி:
சின்ன ஸ்டுடியோ என்றால் செய்ய முடியாது என்று சொல்லாதீர்கள். 'நாக்அவுட் சிட்டி' 2023-ல் மூடப்பட்டபோது, அதைச் செய்த வெலன் ஸ்டுடியோஸ், நாமே சர்வர் வைத்து ஆடும் பிசி பதிப்பை இலவசமாகக் கொடுத்தது. முழுக்க முழுக்கப் பலர் சேர்ந்து ஆடும் கேம் அது.

நிரலன்:
வெலன் நல்ல முன்மாதிரி. ஆனால் அதற்கு முந்தைய வருஷமே வெளியீட்டு உரிமையை அவர்கள் தங்கள் கைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெரும்பாலான ஸ்டுடியோக்களுக்கு அந்த முடிவு கேமை வெளியிட்டு விற்கும் பப்ளிஷர் கையில்.

பழைய_கன்சோல்:
அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' மனுவில் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. சர்வரை என்றென்றும் நடத்து என்று அதில் யாரும் கேட்கவில்லை. மூடும்போது ஓடுகிற நிலையில் விட்டுவிட்டுப் போ என்றுதான் கேட்கிறார்கள். முதல் நாளே அதற்குத் திட்டமிட்டால் கடைசியில் பல மாத வேலை வராது. நீங்கள் இப்போது செய்யும் கேமில் அந்தத் திட்டம் இருக்கிறதா, நிரலன்?

நிரலன்:
இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. அடுத்த டிசைன் கூட்டத்தில் நான் கேட்கிறேன். ஆனால் சட்டம் என்பதை இன்னும் ஏற்கவில்லை.