ஓமந்தூரார் இரண்டே ஆண்டு ஆட்சியில் அப்படி என்ன செய்தார்?

கேட்டவர்: அண்ணாசாலைப் பயணி

வேலைக்குப் போக அரசினர் தோட்டம் மெட்ரோவில்தான் இறங்குகிறேன். ஓமந்தூரார் ஆஸ்பத்திரி, ஓமந்தூரார் தோட்டம் என்று அந்தப் பெயர் காதில் விழாத நாளே இல்லை. ஆனால் அந்த மனிதரைப் பற்றித் தேடினால் எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடுகிறார்கள்: எளிமையானவர், நேர்மையானவர், பதவி போனதும் வடலூருக்குப் போய்விட்டார். சரி, நல்ல மனிதர்தான். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைவராக வந்து 1949 ஏப்ரலில் போய்விட்டார். இடைப்பட்ட காலத்தில் சட்டமாகவோ ஆணையாகவோ ஏதாவது விட்டுச் சென்றாரா? ஏன் அவ்வளவு சீக்கிரம் இறக்கப்பட்டார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: குறிஞ்சிப்பாடிக்காரன்

எங்கள் பக்கம் அவரை அரசியல்வாதியாக யாரும் நினைப்பதில்லை. வள்ளலார் அன்பர், ரமண மகரிஷியிடம் பற்று உள்ளவர். சென்னையை விட்டு வந்த பிறகு வடலூரில் சுத்த சன்மார்க்க நிலையம், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம், பள்ளி என்றே வாழ்ந்தார். 1970 ஆகஸ்டில் காலமானார். ஒரு மாகாணத்தையே ஆண்டவர் இங்கே பிள்ளைகளின் சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பதில் 2: பழைய கணக்கு

தம்பி கேட்டது வேறு கேள்வி. நான் வருவாய்த் துறையில் கீழ்மட்டத்தில் சேர்ந்து ஓய்வு பெற்றவன். அந்த மனிதரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் காலத்துச் சட்டம் ஒன்று என் மேஜையை விட்டு நகர்ந்ததே இல்லை. எளிமைக் கதைகளை ஓரமாக வைத்துவிட்டு அதைப் பேசலாம்.

முழுப் பெயர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். பிறந்தது 1895இல், திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில். விவசாயக் குடும்பம். அவருக்கு முன் இருந்த பிரகாசம் மந்திரிசபை காங்கிரஸ் கட்சிக்குள் ஆதரவு இழந்து கவிழ்ந்தபோது, காமராஜர் ஆதரவோடு 1947 மார்ச் 23 அன்று பதவி ஏற்றார். அப்போது மாகாணத் தலைவரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். ஆக ஆகஸ்டு 15 அன்று கொடி ஏறியபோது சென்னையில் நாற்காலியில் இருந்தவர் இவர். அன்றைய சென்னை மாகாணம் என்றால் ஆந்திரக் கடலோரம், ராயலசீமை, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. ஒரே மந்திரிசபைக்குள் நாலு மொழி, அதைவிட அதிகமாகக் கோஷ்டி.

இப்போது அந்தச் சட்டம். 1948ஆம் ஆண்டின் 26ஆவது சட்டம், எஸ்டேட் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரியாக மாற்றும் சட்டம். எஸ்டேட் என்றால் ஜமீன். ரயத்துவாரி என்றால் உழுகிறவன் நடுவில் ஜமீன் இல்லாமல் நேராகச் சர்க்காருக்கே தீர்வை, அதாவது நிலவரி, கட்டும் முறை. ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் என்று ஜமீன் ஊர்களில் என்ன நிலைமை என்றால், உழுகிறவன் ஜமீனுக்குத் தீர்வை கட்டுவான், ஜமீன் சர்க்காருக்குப் பேஷ்குஷ் கட்டுவார். இந்தப் பேஷ்குஷ் 1802இல் நிரந்தரமாக நிர்ணயம் ஆனது, அப்புறம் ஏறவே இல்லை. குடிகளிடம் வாங்குகிற தொகை மட்டும் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து ரயத்துவாரி ஊரில் அதே மண்ணுக்கு ஒரு தீர்வை, வரப்பு தாண்டி ஜமீன் ஊரில் வேறு தீர்வை.

இதில் கைவைத்த விதம்தான் எனக்குப் பிடித்தது. எடுத்த எடுப்பில் ஒழிக்கவில்லை. முதலில் 1947இல் ஒரு தீர்வைக் குறைப்புச் சட்டம். ஜமீன் ஊரின் தீர்வையைப் பக்கத்து ரயத்துவாரி ஊரின் அளவுக்கு இறக்கு என்றார்கள். வருமானம் குறைந்த பிறகு ஜமீனுக்கு நஷ்டஈடும் குறைவாகத்தானே வரும்? அடுத்த வருஷம் ஒழிப்புச் சட்டம். ஏரி, புறம்போக்கு, மேய்ச்சல் தரை, காடு எல்லாம் சர்க்காருக்கு. குடி அனுபவித்து வந்த நிலத்துக்கு 11ஆம் பிரிவில் பட்டா. ஜமீனின் பண்ணை நிலத்துக்கு 12ஆம் பிரிவில் அவருக்கே பட்டா.

அந்த 12ஆம் பிரிவில்தான் சில்லறை வேலை எல்லாம் நடந்தது. குடிகள் உழுத நிலத்தைப் பண்ணை என்று காட்டியதும், பழைய தேதி போட்ட ரசீதுகள் திடீரென்று முளைத்ததும் யாருக்குப் பட்டா என்று விசாரித்து முடிவு செய்த செட்டில்மென்ட் கோப்புகளைப் புரட்டிய எவருக்கும் தெரியும். இன்னொரு குறை: சட்டம் ஜமீனையும் பட்டா பெறத் தகுந்த குடியையும்தான் பார்த்தது. அந்தக் குடிக்குக் கீழே வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவன், கூலிக்கு நடவு நட்டவள் கணக்கிலேயே வரவில்லை.

இரண்டாவது காகிதம் 1947 நவம்பரில் வந்தது, அரசு வேலை இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி ஆணையின் திருத்தம். பழைய முறையில் 12 இடத்துக்கு ஒரு சுற்று. பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. இவர் அரசு அதை 14 ஆக்கியது. பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. முஸ்லிம், கிறிஸ்தவர் பங்கு குறைந்தது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 'பிராமணர் அல்லாதார்' என்ற பெரிய மூட்டைக்குள் அமுங்கிக் கிடந்தவர்களுக்கு முதல் முறையாகத் தனிப் பங்கு கிடைத்தது. ஒரு காங்கிரஸ்காரரைத் 'தாடியில்லாத ராமசாமி' என்று சொந்தக் கட்சியிலேயே கேலி பேசினார்கள் என்று சொல்வார்களே, அதற்குப் பின்னால் இருந்ததும் இதுபோன்ற வேலைகள்தான்.

இப்போது 1951ஐப் பாருங்கள். அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் எதற்கு வந்தது? கல்லூரிச் சேர்க்கையில் இந்த 14 இடச் சுற்றைப் பின்பற்றியது செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் நீதிமன்றம் அடித்தது ஒரு காரணம். ஜமீன் ஒழிப்புச் சட்டங்கள் கோர்ட்டில் மாட்டியது இன்னொரு காரணம். அவற்றைக் காப்பாற்ற உருவாக்கிய ஒன்பதாம் அட்டவணையில் சென்னைச் சட்டமும் இருக்கிறது. இரண்டு வருஷம் ஆண்ட மனிதரின் இரண்டு காகிதங்களுக்கும் அந்த ஒரே திருத்தத்தில் இடம் உண்டு. எளிமை, எளிமை என்று பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

மற்றவை சுருக்கமாக. 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம். 1939இல் வந்தது கோயில் நிர்வாகம் சம்மதித்தால் திறக்கலாம் என்கிற அளவில் நின்றது, இது உரிமையாகவே ஆக்கியது. முத்துலட்சுமி ரெட்டி 1930லேயே மசோதா கொண்டுவந்து போராடிய தேவதாசி ஒழிப்பும் அதே வருஷம் நிறைவேறியது. பாரதி பாடல்களின் உரிமையை 1949இல் அரசு வாங்கியதும் இவர் காலத்தில்தான்.

ஏன் இறக்கினார்கள் என்றால், எம்எல்ஏக்கள் கொண்டுவந்த சிபாரிசுக் கடிதங்களுக்கு அவரிடம் மதிப்பில்லை. 1948இல் பிரகாசம் எதிர்த்து நின்றபோது காமராஜர் ஆதரவில் தப்பினார். அடுத்த வருஷம் காமராஜரும் கைவிட்டார். 1949 ஏப்ரல் 6 அன்று குமாரசாமி ராஜா வந்துவிட்டார். எஸ்டேட் சட்டம் கவர்னர் ஜெனரல் ஒப்புதலோடு கெஜட்டில் வெளியானது அதே ஏப்ரலில். செப்டம்பரில் ஜமீன்களை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தபோது இவர் பதவியில் இல்லை.

பதில் 3: கருஞ்சட்டைப் பேரன்

ஐயா, விவரம் அருமை. ஆனால் ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். 1948இல் பள்ளிகளில் இந்தியைத் திணித்தது யார் அரசு? பெரியாரின் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது யார் அரசு? சேலம் சிறையில் கம்யூனிஸ்டுகளைச் சுட்டதும் இந்த ஆட்சிதானே? இடஒதுக்கீட்டைக் காட்டி இதையெல்லாம் கழுவிவிட முடியாது.

பதில் 4: பழைய கணக்கு

முதல் இரண்டும் சரி, தம்பி. இந்தி அவினாசிலிங்கம் செட்டியாரின் கல்வித் துறையில் வந்தது. தமிழ்க் கலைக்களஞ்சியம் கிளம்பக் காரணமாக இருந்தவரும் அதே செட்டியார்தான், அந்த முரண்பாட்டை என்னவென்று சொல்ல! ஆனாலும் பொறுப்பு தலைமைக்கு உண்டு. கருஞ்சட்டைத் தடைக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். சட்டசபையில் உட்காராத இயக்கத்தைப் போலீசை விட்டு அடக்குவது சிபாரிசுக் கடிதத்தைக் கிழிப்பதைவிட ரொம்பச் சுலபம். 1947 பொது ஒழுங்குச் சட்டத்தில் விசாரணையின்றி உள்ளே போட்டதையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஆனால் சேலம் சிறைத் துப்பாக்கிச் சூடு 1950 பிப்ரவரி 11. அப்போது குமாரசாமி ராஜா ஆட்சி. 22 பேர் செத்த விஷயம், யார் கணக்கு என்பதில் தப்பு வரக்கூடாது.

அண்ணாசாலைப் பயணி

நன்றி ஐயா, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம். எங்கள் அம்மா ஊர் சிவகங்கைப் பக்கம். தாத்தா பெயரில் பழைய காகிதம் ஒன்றில் 'செட்டில்மென்ட் தாசில்தார்' என்று முத்திரை இருக்கிறது. அது இந்தச் சட்டத்தோடு சம்பந்தப்பட்டதா?

பழைய கணக்கு

பெரும்பாலும் ஆமாம். காகிதத்தில் '26/1948' என்றோ 11ஆம் பிரிவு என்றோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் தாத்தாவோ அவர் அப்பாவோ ஜமீன் குடியாக இருந்து பட்டாதாரராக மாறிய காகிதம் அது. லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள், மை எழும்பிவிடும். ஊரின் செட்டில்மென்ட் பதிவேட்டில் அதே சர்வே எண்ணைத் தேடிப் பாருங்கள். அன்றைய அரசாணைகளைப் படிக்க ஆசை இருந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அனுமதி வாங்கிப் படிக்கலாம், உங்கள் மெட்ரோவிலிருந்து தூரமில்லை.