பிரதேச சபை மைதானத்தில பெருநாள் திடல் தொழுகை: குரோக் பார்க்கைக் காட்டி ரெண்டு பக்கமும் வாதம்

எல்லைக்கோடு கேட்டது:

வணக்கம். எங்கட பக்கத்துப் பிரதேச சபை மைதானத்தை மூன்று கழகங்கள் பாவிக்குது. ஒன்று கடினபந்து, மற்ற ரெண்டும் உதைபந்தாட்டம். அடுத்த நோன்புப் பெருநாள் தொழுகைக்கு மைதானத்தைத் தர ஏலுமோ எண்டு பள்ளிவாசல் நிர்வாகம் சபைக்குக் கடிதம் குடுத்திருக்கு. பள்ளிக்குள்ள இடம் காணாது, 500 பேர் அளவில வருவினம் எண்டு எழுதியிருக்கினம். சபை எங்களிட்ட அபிப்பிராயம் கேக்குது.

கழகக் கூட்டத்தில ரெண்டு பக்கமும் இழுக்கிறது அயர்லாந்தின்ர குரோக் பார்க்கைத்தான். "தேசிய மைதானத்திலயே குடுத்தவங்கள், நாங்கள் ஏன் யோசிப்பான்" எண்டு ஒரு பக்கம். "குடுத்தபடியாத்தானே அங்க அவ்வளவு சர்ச்சை" எண்டு மற்றப் பக்கம். அங்க உண்மையில என்ன நடந்தது? அதோட ஆடுகளத்துக்குச் சேதம் வருமோ, ஸ்பீக்கர் சத்தம், எத்தினை மணிக்கு முடியும், ஆடு மாடு அறுப்பினமோ எண்டெல்லாம் கேள்வி வருது. விசயம் தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ. மதச் சண்டைக்கு வேற இடம் இருக்கு.

மூன்றாம் நடுவர்:

முதல் ஒரு திருத்தம். குரோக் பார்க் அரசாங்க மைதானம் இல்லை. 1884இல தொடங்கின கேலிக் (ஐரிஷ் பாரம்பரிய) விளையாட்டுச் சங்கத்தின்ர சொந்த இடம், 82,300 பேர் கொள்ளும். அங்க ஆருக்கு இடம் குடுக்கிறது எண்டது ஒரு சங்கத்தின்ர விருப்பம். உங்கட மைதானம் சபையின்ர சொத்து, வரி கட்டுற எல்லாருக்கும் உரியது. அதால குரோக் பார்க்கை விட உங்கட இடத்திலதான் "ஏலாது" எண்டு சொல்லப் பலமான காரணம் வேணும். இதை ரெண்டு பக்கமும் தலைகீழாப் பிடிச்சிருக்கினம்.

நடந்தது இதுதான். 2020 ஜூலை 31, ஹஜ்ஜுப் பெருநாள். கொரோனாவால கட்டிடத்துக்குள்ள 50 பேர், வெளியில 200 பேர் எண்டு வரம்பு இருந்த நேரம். பள்ளிக்குள்ள தொழ வழியில்லாததால டப்ளின் இமாம் உமர் அல்-காத்ரி மைதானத்தைக் கேட்டார், சங்கம் குடுத்தது. ஏறத்தாழ 200 பேர் ஆளுக்காள் இடைவெளி விட்டுப் புல்லில தொழுதினம். கத்தோலிக்கப் பேராயர் டியர்மட் மார்ட்டின் விருந்தாளியா வந்திருந்தார். அரச தொலைக்காட்சி ஒளிபரப்பினது. அந்தக் களம் 144.5 மீற்றர் நீளம், 88 மீற்றர் அகலம். 200 பேருக்கு அதில ஒரு மூலை காணும்.

சர்ச்சை புல்லைப் பற்றினதில்லை. ஐரிஷ் பண்பாட்டுக்கெண்டு கட்டின இடத்தில இந்தத் தொழுகை ஏன் எண்டதுதான் கேள்வி. ஆனால் 2012 ஜூன் 17 கத்தோலிக்கரின்ர அனைத்துலக நற்கருணை மாநாட்டின்ர நிறைவுத் திருப்பலி அங்கதான் நடந்தது. 2018 ஓகஸ்ட் 25 பாப்பரசர் பிரான்சிஸ் அங்க வந்தவர். ஆகவே "மைதானத்தில மதம் கூடாது" எண்ட வாதம் அங்க நிக்காது. மிச்சம் இருந்தது "இந்த மதம் கூடாது" எண்டதுதான். அப்பிடி நினைக்கிறவை அதை நேராச் சொல்லட்டும், ஆடுகளத்துக்குப் பின்னால ஒளிக்கத் தேவையில்லை.

இங்கிலாந்தில பிளாக்பேர்ன் ரோவர்ஸ் உதைபந்தாட்டக் கழகமும் 2022 மே 2 நோன்புப் பெருநாளுக்கு ஈவுட் பார்க் களத்தைத் திறந்து விட்டது. புல்லில கடுங்கண்டிப்பான தொழில்முறைக் கழகம் அது.

பனங்காமத்தான்:

அண்ணை, டப்ளினை இங்க கொண்டு வந்து ஒட்டாதேங்கோ. வன்னியில கனக்க மைதானம் சனம் செத்த மண். சில இடத்தில அஞ்சலி செய்யவே அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கு. அந்த மண்ணில பெருநாள் கொண்டாட்டம் எண்டா சிலருக்கு மனம் கொதிக்கும், அதை மதவெறி எண்டு சொல்லி ஒதுக்க ஏலாது.

ரெண்டாவது, இண்டைக்குப் பெருநாள் தொழுகை. நாளைக்கு இன்னொரு கூட்டம் வந்து ஒரு சிலையை வைச்சிட்டு, "அவைக்குக் குடுத்தனியள்தானே" எண்டு கேட்டா? சைவ வழிபாடு நடந்த மலையில விகாரை எழும்பின குருந்தூர்மலையைப் பாத்த மாவட்டத்துச் சனத்துக்கு இந்தப் பயம் வராமல் விடாது.

மூன்றாம் நடுவர்:

ரத்தம் சிந்தின மண் எண்டா குரோக் பார்க்கும் அதுதான். 1920 நவம்பர் 21 ஒரு ஆட்டத்துக்கு நடுவில பிரித்தானியப் படை சுட்டதில 14 பேர் செத்தவை. அதில ஒருவர் மைக்கல் ஹோகன், ஆட்டக்காரர். பார்வையாளர் அரங்கு ஒன்றுக்கு இண்டைக்கும் அவற்ற பேர்தான். றக்பியும் சொக்கரும் "அந்நிய விளையாட்டு" எண்டு விதி எழுதித் தடுத்து வைச்சவை, 2005இலதான் தளர்த்தினவை. 2007 பெப்ரவரி 24 இங்கிலாந்து றக்பி அணி வந்து, அந்தப் புல்லிலயே தங்கட தேசிய கீதத்தைப் பாடினது. ஹோகன்ர பேரை அதுக்காக ஆரும் அழிக்கேல்லை.

உங்கட ரெண்டாவது கேள்வி நியாயமானது. அதுக்கு மறுமொழி தொழுகையை மறுக்கிறது இல்லை, அனுமதிக் கடிதத்தில சரியான வரி எழுதுறது.

முசலிக்காற்று:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பனங்காமத்தான் அண்ணைக்கு ஒரு சொல்லு. 1990 ஒக்டோபரில புலிகள் வெளியேற்றின வடக்கு முஸ்லிம்களில மன்னார், முல்லைத்தீவுச் சனமும் இருந்தது. அந்த மண்ணில எங்களுக்கும் இழப்பும் நினைவும் இருக்கு. இதை மட்டும் சொல்லிட்டு வேலைக்கு வாறன்.

பெருநாள் தொழுகை எண்டா என்ன எண்டு தெரியாமல்தான் பாதிப் பயம். ரெண்டு ரக்அத் (நிண்டு, குனிஞ்சு, நெற்றியை நிலத்தில வைக்கிற ஒரு சுற்றுத்தான் ரக்அத்). தொழுகைக்குக் கூப்பிடுற பாங்கும் இல்லை, தொழுகை தொடங்குது எண்டு சொல்லுற இகாமத்தும் இல்லை. ஷாபிஈ எண்ட மார்க்கச் சட்ட மரபில முதல் ரக்அத்தில 7 தக்பீர் ("அல்லாஹு அக்பர்" சொல்லுறது), ரெண்டாவதில 5 கூடுதலாச் சொல்லுவினம். பத்து நிமிசத்தில தொழுகை முடியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில குத்பா எண்ட பிரசங்கம் முந்தி வரும், பெருநாளில பிந்தித்தான். அது 20 நிமிசம். சூரியன் உதிச்சு ஒரு ஈட்டி அளவு, அதாவது 15, 20 நிமிசம் போனாப் பிறகுதான் தொழலாம். மார்ச் கடைசியில வன்னியில 6.10 போல உதிக்கும். 6.45க்குத் தொடங்கினா 7.20க்குள்ள குத்பாவும் முடியும். கை குடுத்து முஸாபஹா செய்து, கட்டித் தழுவி, சனம் கலைய 8 மணி. உங்கட ஆட்டம் ஒன்பதரைக்கு எண்டாலும் இடிக்காது.

அறுப்பு பற்றி: நோன்புப் பெருநாளுக்கு அறுப்பே இல்லை. உழ்ஹிய்யா எண்ட குர்பானி அறுப்பு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மட்டும், அதுவும் தொழுகைக்குப் பிறகு வேற இடத்தில. மைதானத்தில கத்தியே எடுக்கப்படாது எண்டு கடிதத்தில எழுதுங்கோ, எந்த நிர்வாகமும் மறுக்காது.

இனி சபை அடிக்கடி பிழை விடுற இடம் திகதி. நோன்பு 29இன் மாலை பிறை பாத்துத்தான் அடுத்த நாள் பெருநாளோ இல்லையோ எண்டு தெரியும். கொழும்புப் பெரிய பள்ளியில உலமா சபையும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் கூடி இரவில அறிவிப்பினம். ஒரு திகதிக்கு மட்டும் அனுமதி எடுத்தா, பிறை தெரியாத வருசம் அந்த அனுமதி வெறும் கடதாசி. அடுத்தடுத்த ரெண்டு நாளுக்கும் எடுக்க வேணும். ரெண்டு காலையும் கழகம் ஆட்டம் வைக்கப்படாது. ஹஜ்ஜுப் பெருநாளில இந்தத் தொல்லை இல்லை, மாதம் பிறந்து பத்தாம் நாள் எண்டதால ஒன்பது நாளுக்கு முன்னமே தெரிஞ்சிடும்.

மழை வந்தா தொழுகை பள்ளிக்கு மாறும். பெருநாள் வருசா வருசம் 10, 11 நாள் முந்தி வரும். 2030க்குப் பிறகு நோன்புப் பெருநாள் ஜனவரி, டிசம்பருக்குள்ள போயிடும். அப்ப மாரி மழைக்குள்ள திடலை மறக்க வேண்டியதுதான்.

உள்ளதையும் சொல்லோணும். எங்கட ஆக்களுக்குள்ளயே திடலா பள்ளியா எண்டு இழுபறி இருக்கு. நபி (ஸல்) அவர்கள் திடலுக்குப் போனதைக் காட்டுவினம் ஒரு பக்கம். பள்ளி கொள்ளுமெண்டா பள்ளிதான் சிறப்பு எண்டு ஷாபிஈ கிதாபைக் காட்டுவினம் மற்றப் பக்கம். கடிதம் தந்தது ஊர்ப் பள்ளி நிர்வாகமோ, தனி அமைப்போ எண்டு சபை பாக்கட்டும். ஒரே காலையில ரெண்டு கூட்டம் ஒரே மைதானத்தைக் கேட்டா அந்தச் சண்டை கழகத்தின்ர தலையில விடியும்.

புல்லும் மண்ணும்:

மைதானப் பக்கத்தை நான் சொல்லுறன்.

இடம்: ஒரு ஆளுக்கு 2 அடி அகலம், 4 அடி நீளம். 100 அடி வரிசையில 50 பேர். பத்து வரிசைக்கு 40 அடி ஆழம். பின்னால நிக்கிற பெண்கள் வரிசைக்கு முன்னம் 15 அடி இடைவெளி, இமாமுக்கு முன்னால இடம், நடைபாதை எல்லாம் சேத்தாலும் 6,000 சதுர அடிக்கு மேல போகாது. 60 மீற்றர் எல்லை உள்ள கிரிக்கெட் மைதானத்தில அது இருபதில ஒரு பங்குகூட வராது. ஆடுகளத்துக்குக் கிட்டப் போக வேண்டிய தேவையே இல்லை. கொங்கிரீட் போட்டு மெட்டிங் விரிக்கிற களம் எண்டா மெட்டிங்கைச் சுருட்டி உள்ள வையுங்கோ. கொங்கிரீட் விளிம்பு நிலத்தை விட உயர்ந்து நிக்கும், சுஜூதில (நெற்றியை நிலத்தில வைக்கிறதில) இருந்து எழும்புற வயசான ஆள் தடக்கி விழும். புல் ஆடுகளம் எண்டா சுத்திவரக் கயிறு.

வெறுங்காலோட 500 பேர் நிண்டு புல் சாகாது. சாகிறது படங்காலதான். பனி ஈரத்துக்கெண்டு முதல் நாள் இரவே நீலப் படங்கை விரிச்சுவிட்டு, பெருநாள் அவசரத்தில மத்தியானம் வரை விட்டிடுவினம். மார்ச் வெயிலில படங்குக்குக் கீழ புல் அவிஞ்சு மஞ்சள் சதுரம் சதுரமாத் தெரியும். விடிய 5 மணிக்கு விரிச்சு, 8.30க்குச் சுருட்டிட வேணும். படங்குக்கு மேல பாய் போட்டால் வழுக்காது.

கூடார முளை அடிக்க விடாதேங்கோ. முளைக் குழி மூடாமல் விட்டா உதைபந்தாட்டக்காரன்ர கணுக்கால் போயிடும். நிழல் தேவையும் இல்லை, சூரியன் முதுகுப் பக்கம். ஆனால் குத்பா சொல்லுற மௌலவி சனத்தைப் பாத்துக் கிழக்கு முகமா நிப்பார், காலை வெயில் நேரா அவற்ற கண்ணில. அவருக்கு மட்டும் ஒரு குடை காணும்.

பாய் ஏத்தி வாற வாகனமும் தண்ணி பவுசரும் எல்லைக்கோட்டுக்கு வெளியில நிக்க வேணும். களி மண்ணில ஒரு சில்லுத் தடம் பதிஞ்சா றோலர் போட்டாலும் ஒரு பருவம் எடுக்கும். வீட்டிலேயே வுழூ (தொழ முன்னம் கை கால் முகம் கழுவுறது) செய்துகொண்டு வரச் சொன்னா, மிச்சம் 100 பேருக்கு ஆளுக்கு 3 லீற்றர் எண்டு 300 லீற்றர் முடியும். 1,000 லீற்றர் தாங்கி ஒன்று தாராளம். அந்தத் தண்ணி வாய்க்காலுக்குள்ள போற இடமாப் பாத்து வையுங்கோ.

ஒரு சின்ன விசயம். நோன்புப் பெருநாளுக்குத் தொழ முன்னம் பேரீச்சம்பழம் சாப்பிட்டிட்டுப் போறது வழக்கம். கொட்டை புல்லுக்குள்ள விழுந்தா கூட்டுமாறுக்கும் வராது, வெறுங்காலோட ஓடுற பிள்ளையளுக்குத்தான் குத்தும். வாசலில ஒரு வாளி.

கச்சேரியடி:

அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எந்த மதத்தையும் பின்பற்றும் சுதந்திரத்தைத் தருகிறது. 14(1)(உ) தனியாகவோ பலர் சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வழிபடும் உரிமையைத் தருகிறது. மத அடிப்படையில் பாரபட்சம் கூடாது என்பது 12(2). இதற்காகச் சபை மைதானத்தைக் கட்டாயம் கொடுத்தாக வேண்டும் என்றில்லை. கட்சிக் கூட்டத்துக்கும் களியாட்டத்துக்கும் கொடுத்துவிட்டு இதற்கு மட்டும் மறுத்தால்தான் சிக்கல். முன்பு யார் யாருக்கு மைதானம் கொடுக்கப்பட்டது என்ற பதிவேட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கும்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனியாக வேண்டும், பொலிஸ் கட்டளைச் சட்டம் 80ஆம் பிரிவு. 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி அனுமதி கொடுக்கக்கூடாது என்று தீர்த்தது. எல்லா மதத்துக்கும் அதே விதி. ஆகவே தக்பீரை 6.15க்குத் தொடங்கச் சொல்லுங்கள். கம்பத்தில் கட்டும் புனல் ஸ்பீக்கர் வேண்டாம். சனத்தைப் பார்த்தபடி இரண்டு பெட்டி ஸ்பீக்கர் 40 அடி ஆழத்துக்குப் போதும்.

பனங்காமத்தானின் பயத்துக்கான வரி இது: "நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ எந்தக் கட்டுமானமும், கல்லும், பெயர்ப்பலகையும், கொடியும் நடப்படக்கூடாது, காலை 9 மணிக்கு மைதானம் முன்பிருந்த நிலையில் ஒப்படைக்கப்பட வேண்டும், இவ்வனுமதி தொடர் உரிமை எதையும் தராது." இதைப் பெருநாளுக்கென்று எழுதாமல், மைதானப் பாவனை விதியாகச் சபைக் கூட்டத்தில் நிறைவேற்றுங்கள். வாடகையும் திருப்பித் தரும் வைப்புப் பணமும் எல்லாருக்கும் ஒரே தொகை. நாளை யார் எதைக் கொண்டுவந்தாலும் இதே தாளை நீட்டலாம். பாடசாலை மைதானமாக இருந்திருந்தால் அதிபரும் வலயக் கல்விப் பணிமனையும் வேண்டும், அது வேறு வழி.

எல்லைக்கோடு:

எல்லாருக்கும் நன்றி. கழகத்தில எதிர்த்த ரெண்டு பேர் "எழுத்தில இருந்தாச் சரி" எண்டு நிக்கினம், ஒருத்தர் இன்னும் இறங்கேல்லை. ஒரு கேள்வி, முசலிக்காற்று நானா: எங்கட ஆடுகளம் வடக்குத் தெற்கு. வரிசை அதுக்கு நேரா வருமோ, சரிவா வருமோ? சுண்ணாம்புக் கோட்டை நாங்களே போட்டுக் குடுக்கலாம் எண்டு நினைக்கிறம்.

முசலிக்காற்று:

சரிவா வரும் தம்பி. வன்னியில கிப்லா (மக்காவில இருக்கிற கஃபாவை நோக்கின தொழுகைத் திசை) நேர் மேற்கு இல்லை, மேற்கில இருந்து வடக்குப் பக்கம் ஏறக்குறைய 23 பாகை. ஒரு முளையில இருந்து நேர் மேற்க 50 அடி அளந்து, அங்கயிருந்து நேர் வடக்க 21 அடி போய் இன்னொரு முளை. ரெண்டையும் சேத்தா கிப்லாக் கோடு. வரிசைக் கோட்டுக்கு, முதல் முளையில இருந்து வடக்க 50 அடி, பிறகு கிழக்க 21 அடி. ரெண்டு கோடும் செங்குத்தா வரும். பிறகு 4 அடிக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு போனாச் சரி. திசைகாட்டியை இரும்பு றோலருக்குக் கிட்ட வைக்காதேங்கோ, ஊசி இழுபடும்.

சரி பாக்க வேணுமெண்டா மே 28 பின்னேரம் 2.48க்கும் ஜூலை 16 பின்னேரம் 2.57க்கும் சூரியன் கஃபாவுக்கு நேர் மேல நிக்கும். அந்த நேரம் 6 அடித் தடியை நேரா நட்டா 5 அடிக்குக் கொஞ்சம் கூட நிழல் விழும். நிழல் நுனியில இருந்து தடியைப் பாத்தா அதுதான் கிப்லா. அந்தத் திசையை மதிலில ஒரு பெயின்ற் புள்ளியாக் குறிச்சு வைச்சா அடுத்த வருசம் நாடா பிடிக்கத் தேவையில்லை. பெயின்ற் அடிக்க முன்னம் சபையிட்ட ஒரு வார்த்தை கேளுங்கோ, "எந்தக் குறியும் வைக்கப்படாது" எண்டு இப்பத்தானே எழுதப் போறியள்.