ராத்திரி மடை மாத்தப் போக ஒரு நல்ல டார்ச் சொல்லுங்க, 2000 ரூபாய்க்குள்ள

மேட்டுக்காடு:

வணக்கம். பெரம்பலூர் மாவட்டம், செட்டிகுளம் பக்கம். மூணு ஏக்கர் மக்காச்சோளம், முக்கால் ஏக்கர் சின்ன வெங்காயம், கிணத்துப் பாசனம். மும்முனை கரண்ட் ராத்திரி முறையில வந்தா ஒரு மணி, ரெண்டு மணிக்கு எழுந்து போய் மோட்டார் போட்டு மடை மாத்தணும். வீட்டுல இருந்து கிணறு வரைக்கும் வரப்புலயே முந்நூறு மீட்டர் நடை. கரிசல் மண்ணு, மழை பேஞ்சா காலைத் தூக்க முடியாது.

போன ஐப்பசியில ஆன்லைன்ல 649 ரூபாய்க்கு ஒரு டார்ச் வாங்கினேன். அட்டையில வெளிச்சம் 10000 லூமென்ஸ்னு போட்டிருந்தது. உள்ள இருந்த பேட்டரி மேல கொள்ளளவு 9900 எம்.ஏ.எச். தலையை முன்னால இழுத்தா வெளிச்சம் குவியும்னு சொன்னான். குவியத்தான் செஞ்சது. எதிர்ல இருக்கிற பனைமரத்துல தீப்பெட்டி அளவுக்குச் சதுரமா ஒரு வெள்ளைக் கட்டம் விழும், அதைச் சுத்திக் கும்மிருட்டு. ஒரு தூறலுக்கே கண்ணாடிக்குள்ள வேர்த்துப்போச்சு. மார்கழியில ஒரு ராத்திரி பாத்தி நடுவுல நிக்கிறேன், இருபது நிமிஷத்துல அணைஞ்சது. போன்ல லைட்டைப் போட்டு, போனை வாயில கவ்விக்கிட்டு மண்வெட்டியால மடையை வெட்டினேன். தும்மல் வந்துச்சு. போன் வாய்க்கால்ல.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். வரப்புல நடக்கும்போது பூச்சி பொட்டு கண்ணுக்குத் தெரியணும். மண்வெட்டி பிடிக்க ரெண்டு கையும் காலியா இருக்கணும். மேட்டுல நின்னு அடிச்சா 150 மீட்டர் தள்ளி சோளத்துல பன்னி இறங்கியிருக்கான்னு தெரியணும். டவுசர் பைக்குள்ள அடங்கணும். மழைக்குத் தாங்கணும். யாராச்சும் நாலு வார்த்தை சொல்லுங்க.

பழையவரப்பு:

தம்பி, எங்க அப்பா மூணு கட்டை எவரெடியை வச்சுக்கிட்டு நாப்பது வருஷம் மடை மாத்தினார். பித்தளை உடம்பு. நாய் வந்தா அதாலயே ஒரு போடு போடலாம். இந்த லூமென்ஸ் கீமென்ஸ் எல்லாம் அப்ப யாருக்குத் தெரியும்?

ஈயம்பூசி:

பழையவரப்பு அண்ணே, எங்க வீட்டுலயும் அதே மூணு கட்டை இருந்தது. கட்டை கசிஞ்சு ஸ்பிரிங்ல பச்சையும் வெள்ளையுமா பூத்துக் கிடக்கும், மறந்துட்டீங்களா? அப்பா அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருப்பார்.

மேட்டுக்காடு அண்ணே, நான் திருச்சியில இருபது வருஷம் டிவி மெக்கானிக். இப்போ டிவி ரிப்பேருக்கு யாரும் வர்றதில்ல, அதனால டார்ச் பைத்தியம் பிடிச்சிருக்கு. கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கங்க.

முதல்ல உங்க 9900 கதையை முடிச்சிடறேன். உள்ள இருந்தது 18650 செல்லாத்தான் இருக்கும், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவுல நல்ல கம்பெனி செல் பெரும்பாலும் 3500, 3600 எம்.ஏ.எச் தாண்டறது இல்ல. 9900ன்னு எழுதினா லேபிள் அடிச்சவனோட ஆசைன்னு எடுத்துக்கங்க. மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசுல வச்சுப் பாருங்க. நல்ல 18650 நாப்பத்தஞ்சு கிராம் சுமார் நிக்கும். என்கிட்ட வந்த ஒரு 9900 வெறும் 28 கிராம்.

அடுத்து அந்த 10000. மூணாங்கிளாஸ் கணக்குதான். 3000 எம்.ஏ.எச் செல், 3.6 வோல்ட், பெருக்கினா 11 வாட் அவர் கிட்ட வரும். நல்ல எல்.இ.டி ஒரு வாட்டுக்கு 100 லூமென்ஸ் தரும்னு வச்சுக்கங்க. அப்போ சர்க்யூட்ல வீணாகறதைக் கழிச்சா 100 லூமென்ஸ்ல ஒம்பது பத்து மணி நேரம், 300ல மூணு மணி நேரம், 1000ல ஒரு மணி நேரம் கூட வராது. அதுலயும் 1000ஐ விரல் கனமுள்ள அலுமினியக் குழாய் ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல தாங்காது. சூடேறும், உள்ள இருக்கிற சர்க்யூட் தானா வெளிச்சத்தைக் குறைக்கும். நல்ல கம்பெனி லைட்டும் அப்படித்தான் செய்யும், அது பழுது இல்ல. அதனால அட்டையில உச்ச லூமென்ஸைப் பார்க்காதீங்க. சூடு ஏறி இறங்கின பிறகு ஒரு மணி நேரம் நின்னு எரியற அளவு எவ்வளவுன்னு பாருங்க. வரப்பு நடைக்கு 50ல இருந்து 100 ஏராளம், மடையில வேலை செய்ய 200, 300.

அட்டையில எஃப்.எல்.1னு ஒரு குறி இருந்தா கொஞ்சம் நம்பலாம். 2009ல அமெரிக்காவுல வந்த அளவுகோல். அதுல தூரம்னு போட்டா, அந்த இடத்துல வெளிச்சம் கால் லக்ஸுக்கு வந்திருக்கும்னு அர்த்தம், சுமாரா பௌர்ணமி நிலா வெளிச்சம். 200 மீட்டர்னு போட்டிருந்தா 200 மீட்டர்ல நிக்கிறது பன்னியா புதரான்னு சொல்ல முடியாது. பாதி தூரம்தான் நமக்குப் பயன். தூரத்துக்கான எண் லூமென்ஸ் இல்ல, கேண்டெலா, அதாவது ஒரே திசையில எவ்வளவு வெளிச்சம் குவியுதுங்கற அளவு. தூரம் ரெண்டு மடங்கு வேணும்னா கேண்டெலா நாலு மடங்கு வேணும். உங்க 150 மீட்டருக்கு, அட்டையில 300 மீட்டர் போட்ட லைட் வேணும். அதுக்கு 22500 கேண்டெலா. அந்த மாதிரி குவிய அகலமான தலை வேணும், டவுசர் பையில அடங்காது. பையில அடங்கற லைட் பெரும்பாலும் 10000 பக்கம்தான் நிக்கும். வரப்பும் பன்னியும் ஒரே லைட்டுல ஆகாது அண்ணே. பன்னியை விடுங்க. 2000 ரூபாயை வரப்புக்கும் மடைக்கும் செலவு பண்ணுங்க.

எனக்கு முக்கியமாப் படறது வெளிச்சத்தோட நிறம், இதை யாரும் கேட்கறது இல்ல. மலிவு டார்ச் எல்லாம் 6500 கெல்வின், நீலம் ஓடின வெள்ளை. அதுல மண்ணு, சோளத்தட்டை, காஞ்ச இலை எல்லாம் சாம்பல் பூசின மாதிரி ஒரே நிறத்துல தெரியும். கண்ணாடி விரியன் காஞ்ச தட்டை மேல சுருண்டு கிடந்தா அந்தச் சங்கிலிக் கோலம் அப்படியே கரைஞ்சு போயிடும். 4000ல இருந்து 5000 கெல்வினுக்குள்ள, சி.ஆர்.ஐ. 90ன்னு போட்ட எல்.இ.டி வாங்குங்க, நிறத்தை எவ்வளவு நிஜமாக் காட்டுதுங்கற அளவு அது. பழுப்பு பழுப்பாத் தெரியும், சிவப்பு சிவப்பாத் தெரியும். லூமென்ஸ் கொஞ்சம் குறையும், போகட்டும்.

பேர் சொல்லணும்னா, வுர்கோஸ் எஃப்.சி.11 பார்க்கலாம். 18650 செல், டைப்-சி சார்ஜிங், சி.ஆர்.ஐ. 90, பின்னால காந்தம். இந்தக் காந்தத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க. மோட்டார் ரூம்ல ஸ்டார்ட்டர் பெட்டி தகரம்தானே? படக்குனு ஒட்டி வச்சிட்டு ஃபியூஸ் பார்க்கலாம். கான்வாய் எஸ்2+ இன்னும் எளிமை, பின்னால ஒரே ஒரு அமுக்குப் பொத்தான், ஆனா சார்ஜர் தனியா வாங்கணும். கை காலியா இருக்கணும்னா தலை இங்கிலீஷ் எல் எழுத்து மாதிரி மடங்கின லைட்னு தேடுங்க. சட்டைப் பையில கிளிப்பை மாட்டினா வெளிச்சம் நேரா முன்னால விழும். பட்டையில போட்டா நெத்தி லைட்.

இழுத்துக் குவிக்கிறது மட்டும் வேணவே வேணாம். அந்தச் சதுரக் கட்டம் எல்.இ.டி சில்லோட படம், லென்ஸ் அதை அப்படியே சுவத்துல எறியுது. இழுக்கற இடைவெளி வழியாத்தான் உங்க டார்ச்சுக்குள்ள தண்ணியும் போயிருக்கும். அட்டையில ஐ.பி.எக்ஸ். 7னு குறி இருந்தா ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும். வாய்க்காலுக்கு அது போதும், கிணத்துக்குள்ள போட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல.

பழையவரப்பு:

படிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடுச்சுப்பா.

சோலைத்தவளை:

மேட்டுக்காடு அண்ணா, நான் வால்பாறைப் பக்கம் தவளை ஆய்வுல இருக்கேன், மழைக்காலம் பூரா ராத்திரி வேலைதான். ஈயம்பூசி அண்ணா சொன்னதுல ஒண்ணே ஒண்ணு எனக்கு ஒத்துவரல: நெத்தி லைட்டை மட்டும் நம்பாதீங்க. பனி மூட்டத்துல அது கண்ணு முன்னாடி வெள்ளைத் துணி கட்டின மாதிரி ஆயிடும், பனித்துளியில பட்ட வெளிச்சம் நேரா நம்ம கண்ணுக்கே திரும்பி வருது. அதே லைட்டைக் கழட்டி இடுப்புக்கிட்ட பிடிச்சா பாதை தெரியும். மார்கழிப் பனியில உங்க ஊர்லயும் இதே கதைதான். இன்னொண்ணு, ஈசல் நாள்ல நெத்தி லைட் போட்டுக்கிட்டு வாயைத் திறக்க முடியாது.

நடக்கறப்போ உச்ச வெளிச்சம் போடாதீங்க. கண்ணு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒரு தடவை டர்போ அமுக்கினா அவ்வளவும் போச்சு. வெளிச்சத்தைக் காலுக்கு ரெண்டு மூணு எட்டு முன்னால சாய்ச்சு அடிங்க, நிழல் நீளமா விழும், மேடு பள்ளம் தெரியும்.

பன்னி விஷயம். அதோட கண்ணு மின்னுறதைத் தேடறீங்களா?

மேட்டுக்காடு:

ஆமாம்மா. மாட்டுக்கண்ணு நூறு மீட்டர்ல இருந்தே பச்சையா மின்னுது, நரி மின்னுது, பன்னி மட்டும் மின்னவே மாட்டேங்குது. அதான் லைட் பத்தலைன்னு நினைச்சேன்.

சோலைத்தவளை:

லைட்டு மேல குத்தம் இல்லண்ணா. மாடு, மான், பூனை, நாய், நரிக்கெல்லாம் விழித்திரைக்குப் பின்னால கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, உள்ள வந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பன்னிக்கு அது கிடையாது, நமக்கும் கிடையாது. எவ்வளவு பெரிய டார்ச் வாங்கினாலும் அது கண்ணு அப்படி மின்னாது. தட்டை முறியற சத்தத்தைத்தான் கேட்கணும். பாம்புக்கும் அந்தப் படலம் இல்ல, அதனால கண்ணு மின்னும்னு காத்திருக்காம உருவத்தைத் தேடுங்க. கட்டுவிரியன் ராத்திரியில நடமாடற ஜாதி, கடிச்சா வலிகூட சரியாத் தெரியாது, எறும்பு கடிச்சுதுன்னு நினைச்சுத் தூங்கினவங்க உண்டு. சந்தேகம்னாலே 108க்குப் போடுங்க. லைட்டோட முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸும் வாங்குங்க, பட்ஜெட்ல அதுக்கும் ஒதுக்குங்க.

வாங்கினதும் டார்ச்சைப் பொட்டுக்கிட்ட, கண் மட்டத்துக்கு வச்சு வரப்பைப் பாருங்க. புல்லுல பச்சையும் நீலமுமா பனித்துளி மாதிரி மின்னும். கிட்டப் போனா துளி ஓடும். ஓநாய்ச் சிலந்தி. சும்மா பாருங்க, கணக்குல சேர்க்க வேணாம்.

மேட்டுக்காடு:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன். எல் மாதிரி மடங்கின லைட் ஒண்ணு வாங்கினேன், 5000 கெல்வின், பின்னால காந்தம். செல்லைக் கடைத் தராசுல வச்சேன், 47 கிராம். கடைக்காரர் என்ன மாமா, தங்கமான்னு கேட்டார்.

சட்டைப் பையில மாட்டிக்கிட்டு மடை வெட்டறேன், ரெண்டு கையும் மண்வெட்டியில. எத்தனை வருஷமா ஒத்தைக் கையால வெட்டிக்கிட்டு இருந்திருக்கேன்னு இப்பத்தான் உறைக்குது. நிறத்தைப் பத்திச் சொன்னதும் சரி. வாய்க்கால் ஓரமா ஒரு பழைய சொட்டுநீர்க் குழாய் கிடக்கும், ஆறு மாசமா தினம் ராத்திரி அதைப் பார்த்துத் தூக்கிவாரிப் போடும். இந்த லைட்டுல அது குழாய்னு நாலு எட்டுக்கு முன்னாலயே தெரியுது. எடுத்துப் போடணும், போடல.

சிலந்தியும் பார்த்தேம்மா. வெங்காயப் பாத்தி பூரா. இத்தனை பேரு இருக்காங்களா நம்ம காட்டுல!

முதல் வாரம் டவுசர் பைக்குள்ள தானா எரிஞ்சு தொடையைச் சுட்டுட்டுது. அது என்ன? அப்புறம், புது போனோட வந்த சார்ஜர்ல சார்ஜ் ஏறவே மாட்டேங்குது, ரெண்டு முனையும் டைப்-சி ஒயர். லைட் பழுதா?

ஈயம்பூசி:

தொடை: பையில போடறதுக்கு முன்னால பின்மூடியைக் கால் திருப்புத் தளர்த்தி விடுங்க. நிறைய லைட்டுல இணைப்பு விட்டுப்போயிடும், பொத்தான் அமுங்கினாலும் எரியாது. அமுக்கிப் பார்த்துட்டு வைங்க.

சார்ஜ்: லைட் பழுது இல்ல. ரெண்டு பக்கமும் டைப்-சி இருக்கிற ஒயர்ல, எதிர்ல இருக்கிற சாமான் நான் இருக்கேன்னு சொன்னாத்தான் சார்ஜர் கரண்ட் விடும். அதைச் சொல்றதுக்கு 5.1 கிலோ ஓம்ல ரெண்டு சின்ன ரெசிஸ்டர் போடணும். பைசா மிச்சம் பிடிக்க அதை விட்டுடறாங்க. பழைய போன் சார்ஜர் இருக்குமே, அகல முனை ஒயர். அதுல போட்டுப் பாருங்க.

மேட்டுக்காடு:

ஏறுது. சிவப்பு எரியுது.

பழையவரப்பு:

அந்த எல் மாதிரி இருக்கிறது எவ்வளவு ஆச்சு தம்பி? காந்தம் டிராக்டர்ல ஒட்டுமா?

மேட்டுக்காடு:

1800 சொச்சம் ஆச்சுண்ணே. பானெட்ல ஒட்டுது. மட்கார்டுலயும் ஒட்டுது, ஆனா உழும்போது ஆட்டத்துல விழுந்துடும். பானெட்லயே வைங்க.