மெஷ் ரவுட்டரே ஹப்பாகவும் இருந்தால் போதுமா? சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

ஷா ஆலாமிலிருந்து

வணக்கம். அப்பாவும் அம்மாவும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறார்கள். தோட்டத்தை விட்டு வந்தபோது வாங்கிய ஓரடுக்கு வரிசை வீடு. அடுப்படியும் குளியலறையும் பின்னால் தகரம் போட்டு நீட்டிக் கட்டியவை. இணையப் பெட்டி வாசல் அறையில் இருப்பதால் அடுப்படியில் வாட்ஸ்அப் அழைப்புகூட நிற்பதில்லை. அப்பா இரவில் எழுந்து பின்பக்கம் போகும்போது சுவரைத் தடவிச் சுவிட்சைத் தேடுகிறார். ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கும், பின்கதவுக்கு ஒரு சென்சாரும் போட நினைக்கிறேன். வீடு முழுக்க வைஃபை போக இரண்டு மூன்று பெட்டிகளாக வைக்கும் மெஷ் ரவுட்டர்கள் சிலவற்றில், சென்சாரையும் விளக்கையும் இணைத்து வைக்கும் ஸ்மார்ட் ஹப்பும் உள்ளேயே இருக்கிறதாம். இரண்டு செலவையும் ஒன்றாக முடித்துவிடலாமா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சுங்கை சிப்புட், வயர்மேன்

தங்கச்சி, நீங்கள் சொல்வது போன்ற வீடுகளில்தான் என் வேலையில் பாதி. வேகம், ஆண்டெனா, வைஃபை 6 என்று கடையில் சொல்வதையெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதல் கேள்வி இதுதான்: இணைய லைன் போனால் விளக்கு எரியுமா?

ஒரு பெரியவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகன் சிங்கப்பூரில் வேலை. வைஃபை சென்சார் ஒன்று, வைஃபை பல்பு ஒன்று வாங்கி அனுப்பியிருந்தார். இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஆள் நடப்பதைச் சென்சார் பார்த்தால், அந்தச் செய்தி எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்து பல்புக்கு உத்தரவு வர வேண்டும். பல நாள் நன்றாகத்தான் ஓடியது. ஒரு சாயங்காலம் பெரிய இடி மழை. கரண்ட் இருந்தது, இணையம் மட்டும் போய்விட்டது. அன்றிரவு பெரியவர் எழுந்து நடந்திருக்கிறார். தானாக எரிந்து பழகிவிட்டதால் சுவிட்சைத் தேடவே இல்லை. அடுப்படிப் படியில் சறுக்கி முழங்கையில் நல்ல அடி. மறுநாள் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது மனசே கேட்கவில்லை. இருட்டில் நடக்கும் வயதானவருக்காக வைத்த விளக்கு, கடல் தாண்டிப் போய் அனுமதி கேட்டுவிட்டு எரியக் கூடாது.

அந்த வீட்டில் சிக்பீ சென்சார், சிக்பீ சுவிட்ச், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஹப் என்று மாற்றிக் கொடுத்தேன். சிக்பீ என்பது இந்தச் சின்னக் கருவிகள் வைஃபை இல்லாமல் பேசிக்கொள்ளும் தனி ரேடியோ. இன்னது நடந்தால் இன்னது செய் என்ற விதியைத் தனக்குள்ளேயே வைத்து ஓட்டும் ஹப் அது. எல்லாம் பூட்டி முடித்ததும் மோடத்தை அணைத்துவிட்டு, பெரியவரை நடக்கச் சொன்னேன். எரிந்தது. இப்போது எந்த வீட்டில் போட்டாலும் இந்தச் சோதனை செய்யாமல் நான் கூலி வாங்குவதில்லை.

சரி, ஹப் உள்ளே இருக்கும் ரவுட்டர். பெட்டியில் 'ஸ்மார்ட் ஹோம் ஹப்' என்று போட்டிருந்தால் உள்ளே எந்த ரேடியோ என்று பார்க்க வேண்டும். 2020-இல் வந்த ஈரோ 6 மெஷ் ரவுட்டரில் சிக்பீ உண்டு, ஆனால் அமேசானின் அலெக்சாவோடு இணைத்துத்தான் பயன்படுத்த முடியும். டிபி-லிங்கின் டெக்கோ எம்9 பிளஸ்ஸில் சிக்பீயும் புளூடூத்தும் உண்டு. டெக்கோ என்று பெயர் போட்டுவரும் மற்றப் பெட்டிகள் பலவற்றில் சிக்பீ கிடையாது, அதனால் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 2022-இல் வந்த கூகுள் நெஸ்ட் வைஃபை புரோவில் சிக்பீ மாதிரியே இன்னொரு வகையான திரெட் இருக்கிறது, சிக்பீ இல்லை. சிக்பீ சென்சாரை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அது உதவாது.

மேட்டர் முத்திரையைப் பற்றியும் கேட்பார்கள். வேறு வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுவதற்கான அந்தப் பொதுத்தரத்தின் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. கருவிகள் வீட்டு வலைக்குள்ளேயே பேசிக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை, நம் ஊருக்கு நல்ல விஷயம். ஆனால் மேட்டர் கருவி வைஃபையிலும் வரும், திரெட்டிலும் வரும். திரெட் கருவி என்றால் அதை வீட்டு வலையோடு இணைக்கும் திரெட் பார்டர் ரவுட்டர் ஒன்று வீட்டில் இருந்தாக வேண்டும்.

உங்கள் வீட்டுக்குத் தகரம்தான் பெரிய தொல்லை. உலோகம் வைஃபை அலையைத் திருப்பி அடிக்கும். நடுவில் செங்கல் சுவர் வேறு, வைஃபையின் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை அதிலேயே பாதி செத்துவிடும். இரண்டாவது மெஷ் பெட்டியை அடுப்படியில் வைத்தால் அதற்கே சிக்னல் சரியாக வராது. அடுப்படிக்கு முந்தின அறையில், அடுப்படிக் கதவைப் பார்த்த மாதிரி வையுங்கள். சீலிங் வழியாகக் கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்து இரண்டு பெட்டிகளையும் இணைத்தால் இன்னும் உறுதி. சிக்பீக்கு வேறு வழி உண்டு. கரண்டில் செருகி வைக்கும் சிக்பீ பிளக் தானே சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும், நடுவழியில் ஒன்று செருகினால் போதும். பேட்டரி சென்சார் அப்படிக் கொடுக்காது.

கோல கங்சாரிலிருந்து

அக்கா, அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஹப்பும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக இருந்தது. பார்க்க அழகு, ஒரே பிளக். இணைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது வேறு மெஷ் செட் கொடுத்தார்கள், பழையதைக் கழற்றினோம். அதோடு ஹப்பும் போயிற்று. கதவு சென்சார், விளக்கு, பிளக் எல்லாவற்றையும் புது ஹப்பில் மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. சில சென்சார்களின் ரீசெட் பொத்தானுக்கு ஊசி தேட வேண்டும், கூரைக்குப் பக்கத்தில் ஒட்டியதற்கு ஏணி வேண்டும். உங்கள் அப்பா அம்மாவால் அதெல்லாம் முடியாது. ரவுட்டரை மாற்றிக்கொண்டே இருப்போம், சென்சார் சுவரிலேயே இருக்கும். அதனால் ஹப் தனியாக இருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சொந்தமாக ரவுட்டர் வாங்கினால் யூனிஃபை இணையத்துக்கு ரவுட்டர் அமைப்பில் விலான் எண் 500 போட வேண்டும், இணைப்புக்குள் நுழைய பிபிபிஓஇ பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். டிபி-லிங்கில் மலேசியா யூனிஃபை என்ற தேர்வே இருக்கிறது. இன்னொன்று, விலை குறைந்த வைஃபை பிளக்குகள் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும். 2.4-க்குத் தனிப் பெயர் வைக்க விடும் மெஷ்ஷாகப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்டி என்றால் மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஷா ஆலாமிலிருந்து

இரண்டு பேருக்கும் நன்றி. ஹப்பைத் தனியாகவே வாங்குகிறேன். அண்ணா, சுவிட்சை மாற்றாமல் சிக்பீ பல்பு மட்டும் போட்டால் ஆகாதா?

சுங்கை சிப்புட், வயர்மேன்

ஆகும், ஆனால் அப்பா பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் பல்புக்குக் கரண்டே இல்லை, சென்சார் என்ன சொன்னாலும் அது எரியாது. அந்த வயதில் அணைக்காதீர்கள் என்று சொல்லி நிறுத்தவும் முடியாது. சுவிட்சை மாற்றினால் கையாலும் போடலாம், தானாகவும் எரியும். பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி பெரும்பாலும் இருக்காது, அதனால் நியூட்ரல் தேவைப்படாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். அந்த வகை பெரும்பாலும் சிக்னலைக் கடத்தாது, ஆகவே நான் சொன்ன பிளக்கையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கரண்டே போகும் இரவுக்கு, சார்ஜ் செய்யும் சின்ன சென்சார் விளக்கு ஒன்றைப் படிக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். சுவிட்ச் மூடியை நீங்களாகக் கழற்ற வேண்டாம், பதிவு பெற்ற வயர்மேன் யாரையாவது கூப்பிடுங்கள். நீங்கள் ஊருக்கு வரும் நாளில் வேலையை வைத்துக்கொண்டால், மோடத்தை அணைத்துவிட்டு அப்பாவை ஒருமுறை நடக்க வைத்துப் பார்த்துவிடலாம்.