கடலூரிலிருந்து கங்காபல் ஏரிக்கு, தனியாக, ஃப்ளை ஃபிஷிங் தடியோடு: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

உப்பனாறு தையல்காரர்

வணக்கம். கடலூர் முதுநகரில் தையல் கடை வைத்திருக்கிறேன், வயது 43. பத்து வயதில் அப்பாவோடு உப்பனாற்றங்கரையில் உட்கார்ந்து தங்கூசி நரம்பில் ஈயம் கட்டி றால் இரை போட ஆரம்பித்தது. கிழங்கான் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவா. அப்பா தூண்டில் போட்டுவிட்டால் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். அந்த மூன்று மணி நேரம்தான் நாங்கள் ரொம்ப நெருக்கமாக இருந்த நேரம் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று வருடமாக ஃப்ளை ஃபிஷிங்கில், அதாவது இரைக்குப் பதில் நூலும் இறகும் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிப்பதில், இறங்கியிருக்கிறேன். ஒன்பது அடித் தடி, நாலு துண்டு, 5ஆம் நம்பர் லைன். ஞாயிறு விடிகாலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கிரிக்கெட் பையன்கள் வருவதற்குள் போய், முள்ளுக்குப் பதில் சிவப்பு ஊல் நூல் ஒரு துணுக்கைக் கட்டி வீசிப் பழகுகிறேன். முப்பத்தைந்து அடி வரை நேராக விழுகிறது. சில்வர் பீச் காற்றில் இருபது அடிகூடப் போகமாட்டேன் என்கிறது.

பூச்சிகளை நானே கட்டுகிறேன். 14ஆம் நம்பர் முள்ளில் கறுப்புத் தையல் நூலை ஓட்டி, பின்னால் ஒரு உருண்டை, முன்னால் ஒரு உருண்டை, நடுவில் இடுப்பு. அந்த இடுப்பில் அம்மா வளர்க்கிற சேவலின் கழுத்து இறகை மூன்றே சுற்று. நாலாவது சுற்று சுற்றினால் எறும்பு மாதிரி இருக்காது, புழு மாதிரி ஆகிவிடும். கடைசி முடிச்சு பித்தான் தைக்கிற முடிச்சுதான், கை தானாகப் போட்டுவிடும்.

இந்த ஆடியில் காஷ்மீர் போகலாம் என்று இருக்கிறேன். ஆடியில் கல்யாணத் தையல் கிடையாது, ஆவணி பிறந்தால் கடையை விட்டு நகர முடியாது. நாரநாக் கிராமத்திலிருந்து ஏறி கங்காபல், நுந்த்கோல் இரண்டு ஏரிக்கரையிலும் கூடாரம் போட்டு பிரவுன் டிரவுட் மீனுக்கு வீச வேண்டும். கூட வர யாரும் இல்லை. உண்மையைச் சொன்னால், யாரும் வரவும் வேண்டாம். வீட்டில், "தனியாப் போறது சரி, ஆனா என்ன பண்ணப்போறீங்கனு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பேப்பரில் என்ன எழுதுவது என்றுதான் கேட்கிறேன். கடல் மட்டத்திலேயே வாழ்ந்த உடம்பு தாங்குமா? முதுகில் எவ்வளவு சுமக்கலாம்? ஏரியில் எங்கே வீசுவது?

சுண்ணாம்பாறு

தம்பி, புதுச்சேரி அரியாங்குப்பத்திலிருந்து எழுதுகிறேன், வயது 61. 2022 ஆகஸ்டில் அதே நாரநாக், கங்காபல் வழியில் தனியாகப் போனேன். நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்: துணி.

நான் பருத்தி பனியனும் பருத்தி முழுக்கால் சட்டையும் போட்டு ஏறினேன். புதுச்சேரி வெயிலுக்கு அதைவிட நல்ல துணி உண்டா? மேலே பிற்பகலில் மழை பிடித்தது. அரை மணி நேரம்தான். பருத்தி குடித்த தண்ணீரை விடவில்லை, காற்று வேறு. கூடாரத்தின் ஜிப்பை இழுக்க விரல் மடங்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். குளிரே இல்லாத மாதிரி ஒரு தூக்கம் வந்தது. அதுதான் ஆபத்தான கட்டம் என்று பிறகுதான் தெரிந்தது. நீங்கள் துணிக்காரர், உங்களுக்கு இழையைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. உடம்பை ஒட்டி கம்பளி அல்லது பாலியஸ்டர், மேலே ஒரு கம்பளிச் சட்டை, அதற்கு மேல் மழைக்கோட்டு. ராத்திரி போட ஒரு ஜோடியை பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், எது நடந்தாலும் பகலில் அதை எடுக்காதீர்கள்.

அடுத்தது ஏறுகிற வேகம். ஸ்ரீநகர் சுமார் 1,580 மீட்டர். கங்காபல் 3,500ஐத் தாண்டியது. நாரநாக்கிலிருந்து ஒரே நாளில் ஏரிக்குப் போய்விடுகிற ஆட்கள் உண்டு, நம்மால் ஆகாது. ஸ்ரீநகரில் இரண்டு ராத்திரி, நாரநாக்கில் ஒரு ராத்திரி, ட்ருங்கோல் புல்வெளியில் ஒரு ராத்திரி, பிறகு ஏரி. நாரநாக்கில் தங்கும் நாளில் அந்தப் பழைய கற்கோயில்களைப் பாருங்கள், நம் ஊர்க் கோபுரம் பார்த்த கண்ணுக்கு வேறு மாதிரி இருக்கும். ஏறும் வழியில் முதல் பாதிதான் செங்குத்து, பைன் காட்டுக்குள் மூச்சு வாங்கும்.

பழகுவதற்கு செஞ்சிக்கோட்டை இருக்கிறதே! ராஜகிரி கிட்டத்தட்ட 800 அடி. முதுகில் 12 கிலோ போட்டு ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். முட்டி வலி இறங்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். 12 கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். அரிசி வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், சாதம் வேகாமல் கேஸ்தான் தீரும். அவல் எடுத்துப்போங்கள், வெந்நீர் ஊற்றினால் போதும். கேஸ் குப்பியை ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோக முடியாது, ஸ்ரீநகரில் வாங்குங்கள். நான் போனபோது ஜம்முவில் இறங்கி பஸ். இப்போது, 2025 ஜூனிலிருந்து, கட்ராவிலிருந்து செனாப் பாலத்தின் மேல் ஸ்ரீநகருக்கே வந்தே பாரத் ஓடுகிறது.

அந்தப் பேப்பருக்கு வருவோம். மேலே போன் எடுக்காது. நம் ஊர் பிரீபெய்டு சிம் காஷ்மீரில் எங்குமே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வீடியோவில் பார்த்து சாட்டிலைட் மெசஞ்சர் ஆர்டர் போட்டுவிடாதீர்கள், நம் நாட்டில் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் போலீஸ் வழக்கு. ஆகவே மனிதர்கள்தான் உங்கள் போன். எந்த ராத்திரி எங்கே தங்குவீர்கள், எந்தத் தேதி எத்தனை மணிக்குள் நாரநாக் திரும்புவீர்கள், அதைத் தாண்டினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதி, ஒன்று வீட்டில், ஒன்று நாரநாக்கில் தங்கும் வீட்டுக்காரரிடம். ஆதார் அசலை எடுத்துப்போங்கள், வழியில் ராணுவம் பார்க்கும். 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு நிறைய இடங்களை மூடி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தார்கள். டிக்கெட் போடும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். மீன்பிடி அனுமதியை ஜம்மு காஷ்மீர் மீன்வளத் துறையில் வாங்க வேண்டும், இடமும் தேதியும் குறிப்பிட்டுத் தருவார்கள்.

ட்ருங்கோலில் கோடையில் குஜ்ஜர், பக்கர்வால் குடும்பங்கள் ஆடுமாடுகளோடு இருப்பார்கள். அருமையான மனிதர்கள், உப்புத் தேநீர் கொடுத்தார்கள். ஆனால் அவர்களுடைய நாய் அவர்கள் இல்லாதபோது உங்களை ஓநாயாகத்தான் பார்க்கும். மந்தையைச் சுற்றிக்கொண்டு போங்கள். ஓடைகளைக் காலையிலேயே தாண்டுங்கள். வெயில் ஏற ஏற பனி உருகி, காலையில் கணுக்கால் நனைத்த ஓடை சாயங்காலம் தொடை வரை வரும்.

இப்போது மீன். அந்த டிரவுட் அங்கே பிறந்த ஜாதி இல்லை. முதலில் அனுப்பிய முட்டைகள் கப்பலிலேயே வீணாகி, 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. அந்த வம்சம்தான் இன்று காஷ்மீர் ஓடை முழுக்க. ஏரியில் நடுவில் வீச நினைக்காதீர்கள். கரையிலிருந்து தரை தெரிகிற வெளிர்பச்சைத் தண்ணீர் முடிந்து கருநீலம் தொடங்குகிற விளிம்பு ஒன்று இருக்கும். அந்த விளிம்பை ஒட்டியே மீன் ரோந்து வரும். நான் ஒரு பாறைக்குப் பின்னால் குந்தியிருந்தபோது ஒன்று வந்தது. முதலில் மீன் தெரியவில்லை, அடித்தரைக் கல் மேல் நிழல் நகர்ந்தது. பிறகு வால். ஏறக்குறைய பத்து நிமிடம் கழித்து அதே மீன் அதே பக்கமிருந்து மறுபடி வந்தது. அது இருக்கிற இடத்தில் போட்டால் ஓடிவிடும். ஏழெட்டு அடி முன்னால் பூச்சியைப் போட்டு அசைக்காமல் விட்டேன். மேலே வந்து, மூக்கு தொடுகிற தூரத்தில் நின்று, பார்த்தது. நான் மூச்சு விடவில்லை. அப்புறம் வாயைத் திறந்து மூடியது, அவ்வளவுதான், சத்தமே இல்லை.

ஆகையால் போனவுடன் ஒரு மணி நேரம் தடியை ஜோடிக்காமல் உட்காருங்கள். உங்களுக்கு அது கஷ்டமாக இருக்காது, அப்பா பழக்கியிருக்கிறார். கங்காபல் தண்ணீர் வெளியேறி நுந்த்கோலுக்கு இறங்குகிற வாயும் நல்ல இடம். முன்பகலில் காற்று கிளம்பினால் புல்லிலிருக்கிற எறும்பு, வண்டையெல்லாம் தண்ணீரில் தள்ளி எதிர்க்கரையில் ஒதுக்கும், மீனும் அங்கே வரும். அங்கே எதிர்காற்றில்தான் வீச வேண்டும், அதனால் சில்வர் பீச்சை விடாதீர்கள். இருபது அடி தாராளம். நீங்கள் கட்டுகிற எறும்பு சரியான பூச்சி, குறைந்தது பன்னிரண்டு கட்டுங்கள். நுனி நரம்பு 0.15 மில்லிமீட்டர் போதும். முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கிற கொண்டியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, உங்கள் காதில் ஏறினால் தனியாகக் கழற்றவும் முடியும். விடப்போகிற மீனை நனைந்த கையால் மட்டும் தொடுங்கள். தண்ணீருக்குள் இறங்கி நிற்கவே நிற்காதீர்கள்.

பாதிரிப்புலியூர் செவிலி

அண்ணா, நான் நர்ஸ், மூன்று முறை இமயமலை ஏறியிருக்கிறேன். உயரத்தால் வருகிற நோயில் மற்றவர்களைவிடத் தனியாகப் போகிறவருக்கு ஒரு சங்கடம் அதிகம். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால் முதலில் போவது யோசிக்கிற சக்தி, நமக்கு ஒன்றுமில்லை என்று நாமே முடிவு பண்ணிவிடுவோம். அதனால் முடிவை இங்கேயே, கடலூரில் எடுத்து, அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். தலைவலியோடு வாந்தி வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடந்து பாருங்கள். தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரி என்றுகூடப் பார்க்காமல் இறங்க வேண்டும், அப்போது தனியாக வேண்டாம், பக்கத்துக் கூடாரத்தை எழுப்புங்கள். 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு அதிகமாக உயர்ந்து படுக்காதீர்கள். உயர நோயைத் தடுக்கிற அசிட்டசோலமைட் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். தூக்க மாத்திரை கூடாது. அண்ணிக்கும் இந்த அட்டையில் ஒரு நகல் கொடுங்கள்.

தேங்காய்த்திட்டு போட்டுக்காரன்

எல்லாரும் நல்லா சொல்லியிருக்கீங்க, ஆனா எனக்கு மனசு ஒப்பல. நாங்க கடல்ல பொழப்பு நடத்துறவங்க. காத்து நல்லா இருந்தாலும் ஒத்த ஆளா போட்டை எடுக்கமாட்டோம், பக்கத்துல இன்னொரு போட்டு கண்ணுக்குத் தெரியணும். மலை தெரியாத ஆளு முதல் தடவையே தனியா எதுக்கு? நாரநாக்ல குதிரைக்காரர் ஒருத்தரை வச்சுக்குங்கண்ணே. அவர் பேசாம இருக்கச் சொன்னா பேசாம இருப்பாரு.

சுண்ணாம்பாறு

போட்டுக்காரத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கமாட்டேன். அந்த மழை நாளில் கூட ஒருவர் இருந்திருந்தால் ஜிப்பைக் கடித்திருக்க வேண்டியதில்லை.

உப்பனாறு தையல்காரர்

எல்லாருக்கும் மனசார நன்றி. ராத்திரி வீட்டில் மூன்று பேர் சொன்னதையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். போட்டுக்காரர் எழுதியதை இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள்.

முடிவு இப்படி: நாரநாக்கில் குதிரைக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்கிறேன். அவர் கூடாரம் ட்ருங்கோலில். நான் ஏரிக்கரையில். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வந்து என் முகத்தைப் பார்த்து, பத்து அடி நேராக நடக்கச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த ஒரு வேலைக்குத்தான் கூலி. பகல் முழுக்க நானும் தடியும்.

மழைக்கோட்டைத் தவிர மீதித் துணியை நானே தைக்கிறேன். உள்சட்டைக்குத் தோள்பட்டையில் தையல் வராமல் வெட்டப்போகிறேன், பையின் வார் அங்கேதான் அறுக்கும் என்று நினைக்கிறேன். சுண்ணாம்பாறு ஐயா, உங்களுக்கும் ஒன்று தைத்து வைக்கவா? மார்பளவு மட்டும் அனுப்புங்கள். வருகிற ஞாயிறு செஞ்சிக்கோட்டை, பைக்குள் 12 கிலோவுக்கு லைனிங் துணிக் கட்டு.