பெஞ்ச் ட்ரில் சக் ஆட்டம்: சக்கா, ஆர்பரா?

வணக்கம். ட்ரில் பிட்டைப் பிடிக்கும் சக் ஆடுகிறது. குறை சக்கிலா, அதை ஸ்பிண்டிலோடு இணைக்கும் ஆர்பர் தண்டிலா என்று தெரியவில்லை. மெஷின் 13 மிமீ பெஞ்ச் ட்ரில், அரை எச்பி சிங்கிள் ஃபேஸ், எம்டி2 (மோர்ஸ் டேப்பர் 2, கூம்புத் துளை) ஸ்பிண்டில். பெங்களூரில் வீட்டு கராஜில் இருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையால் சுற்றி டயல் கேஜில் பார்த்தால் ஸ்பிண்டிலின் உள் டேப்பரில் 0.02 மிமீதான். சக்கில் நேரான ராடு பிடித்து, ஜாவுக்குக் கீழே 25 மிமீயில் அளந்தால் 0.25. குவிலை (ஸ்பிண்டிலைத் தாங்கி மேலும் கீழும் நகரும் குழாய்) பக்கவாட்டில் அழுத்தினாலும் ஆட்டமில்லை, அதனால் பேரிங் மீது சந்தேகமில்லை. ஆர்பரைக் கழற்றி, இரண்டு டேப்பரையும் தின்னரால் துடைத்து, ஜாவை முழுக்க உள்ளே இழுத்து, மரச்சுத்தியால் தட்டி ஏற்றியும் அதே அளவுதான். (டேப்பரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிப்பு போய், ஓடும்போதே சக் கழன்று விழும்.)

சக்கையும் பி16 (சக் ஏறும் டேப்பரின் அளவு) ஆர்பரையும் பிரித்தால்தான் குறை எதில் என்று தெரியும். நடுவில் இடைவெளி மிகக் குறைவு. சக்கைக் கழற்ற அடிக்கும் இரட்டை ஆப்பு நுழையவில்லை. சக்கின் அடியில் நடு ஓட்டை போட்டு பிரஸ்ஸில் தள்ளலாமா? எஸ்.பி. ரோட்டில் மெல்லிய ஆப்பு கிடைக்குமா, பீன்யா தொழிற்பேட்டையில் யாராவது செய்து தருவார்களா?

இன்னொன்று, இதுதான் அவசரம். கரன்ட் போய் வந்தால் மெஷின் தானாக ஓடுகிறது. சாதா சுவிட்சை எடுத்துவிட்டு நோ-வோல்ட் காயில் (கரன்ட் போனால் இணைப்பை விட்டுவிடும், மறுபடி பட்டனை அழுத்தினால்தான் ஓடும்) உள்ள டிஓஎல் (மோட்டாரை நேரடியாக லைனில் இணைக்கும்) ஸ்டார்ட்டர் போட வேண்டும். அதிலுள்ள ஓவர்லோடு ரிலே (அதிகக் கரன்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்துவது) மூன்று துருவம் என்றால் மூன்றிலும் கரன்ட் தொடராகப் போகும்படி வயரிங் செய்யணும், இல்லாவிட்டால் சும்மா ட்ரிப் ஆகும், அது சரி. மோட்டார் பிளேட்டில் 3.5 ஆம்பியர். எந்த ரேஞ்ச் ரிலே வாங்கியிருக்கிறீர்கள்?